கமா வாசித்த எடுத்துக்காட்டு

என் வாழ்நாளில் ஒரு புத்தகத்தையும் நான் முழுதாகப் படித்ததில்லை. ஆனால் எந்த நாவலைப் பற்றிக் கேட்டாலும் ஓர் அபிப்பிராயம் சொல்வேன். பொருளாதாரத்தைப் பற்றிக் கேட்டால் இன்னும் கொஞ்சம் அதிகமாகவே சொல்வேன். எல்லாம் என் நாத்தனார் புண்ணியம். அவள் சொல்லக் கேட்டுக் கேட்டு, அவளுடைய அபிப்பிராயங்கள் எனக்கு ஒட்டிக்கொண்டுவிட்டன. உப்புக் கடன் மாதிரி, திருப்பிக் கொடுக்கும் எண்ணமும் இல்லை.

நாத்தனார் என்றால் என் கணவரின் அக்கா. நானும் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். தாய் இல்லாத தம்பியை வளர்த்து, படிக்கவைத்து, எனக்குக் கட்டிவைத்துவிட்டு, தன் கல்யாணத்தை எங்கேயோ வைத்த இடம் மறந்துபோனவள். நான் அந்த வீட்டுக்குள் வந்தபோது என் பக்கத்துச் சொந்தமெல்லாம், "ஒரே உறையில ரெண்டு கத்தி, பாத்துக்கோ" என்றார்கள். நானும் கத்தியைத் தீட்டிக்கொண்டுதான் வந்தேன். முதல் மாலையே அக்கா ஒரு கூடை பீன்ஸையும் ஒரு கத்தியையும் என் முன்னால் வைத்து, எதிரில் உட்கார்ந்து, "இன்னைக்கு ஒரு நாவல் முடிஞ்சுது. கதாநாயகன் கடைசி வரைக்கும் ஒரு வேலைக்கும் போகல. எல்லாரும் அவனைப் பாத்துப் பரிதாபப்படறாங்க. எனக்கு அவன் சட்டையை யார் துவைச்சாங்கன்னுதான் தெரியணும்" என்றாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அப்புறம் சண்டை போட நேரமே கிடைக்கவில்லை.

அக்காவுக்கு ஓர் அச்சகத்தில் பிழை திருத்தும் வேலை. அந்த வேலைக்கு அங்கே இரண்டு பேர் வேண்டும். எழுத்தாளர் எழுதிக்கொடுத்த மூலத்தை ஒருவர் உரக்க வாசிப்பார். அச்சுக்கோத்து வந்த தாளை மேசைமேல் விரித்துக்கொண்டு இன்னொருவர் பேனாவும் கையுமாகக் கேட்டுக்கொண்டே வருவார். வாசிப்பதில் ஒரு வார்த்தை இருந்து தாளில் இல்லையென்றால், விட்டுப்போனது என்று குறியிட்டு ஓரத்தில் எழுதிவிட வேண்டும். கமா, முற்றுப்புள்ளி, கேள்விக்குறி எல்லாவற்றையும் வாய்விட்டுச் சொல்லித்தான் வாசிப்பார்கள். வாசிக்கிறவருக்கு அச்சகத்தில் வைத்த பெயர் கமா. ஒருநாள் டீக்கடையில், "ஒரு டீ கமா சர்க்கரை கம்மி முற்றுப்புள்ளி" என்று வாய்தவறிக் கேட்டுவிட்டாராம். அன்றோடு அவருடைய சொந்தப் பெயரை எல்லாரும் மறந்துவிட்டார்கள்.

அவர்கள் உட்காரும் அறைக்கு ஒரு பக்கம் கண்ணாடித் தடுப்பு. அதற்கு அந்தப் பக்கம் இயந்திரங்கள் தடதடவென்று ஓடும். அதனால் எதையும் கத்தித்தான் வாசிக்க வேண்டும். காதல் நாவல் வந்தால் போதும், இயந்திரத்துக்காரர்கள் வேலையை மெதுவாக்கிவிட்டுக் காத்திருப்பார்கள். கமா ஒல்லியான உடம்பிலிருந்து பெரிய குரலை எடுத்து, "நீ இல்லாமல் நான் இல்லை ஆச்சரியக்குறி" என்று முழங்குவார். அக்கா தலையைத் தூக்காமல் ஆச்சரியக்குறி இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, "ம்" என்பாள். அந்தப் பக்கம் விழுந்து விழுந்து சிரிப்பார்கள்.

அச்சக முதலாளிக்கு ஒரு கொள்கை உண்டு. அர்த்தத்தைக் கேட்காதே என்பதுதான் அது. அர்த்தத்தில் விழுந்தால் பிழை தப்பித்துவிடும் என்பார். அக்காவுக்கு நாவலில் இது சுலபம். காது வார்த்தையை வாங்கிக்கொள்ளும், அர்த்தம் அப்படியே கட்டிய மூட்டையாக வீட்டுக்கு வரும். பீன்ஸ் நறுக்கும்போதுதான் மூட்டையை அவிழ்ப்பாள்.

"கலங்கரை விளக்கத்துல தனியா இருக்கற ஒருத்தனைப் பத்தி ஒரு நாவல். பக்கம் பக்கமா தனிமை, தனிமை. படகுல மாசாமாசம் அவனுக்கு மளிகை கொண்டுவர ஒருத்தன் இருக்கான், அவனுக்கு ஒரு வரிகூடப் பேச்சு கிடையாது. தனிமை யாருக்குன்னு எழுதினவருக்கே தெரியல" என்பாள். துப்பறியும் நாவலா? "கொலைகாரன் யாருன்னு ஆரம்பத்துலயே தெரிஞ்சுபோச்சு. அவன் ஒருத்தன்தான் எல்லார்கிட்டயும் மரியாதையா பேசறான்." மூன்று தலைமுறைக் குடும்பக் கதை ஒன்று வந்தது. அதில் வருகிற பெண்கள் எல்லாரும் ஜன்னலோரம் நின்று வெளியே பார்த்துக்கொண்டே இருக்கிறார்களாம். "அந்த வீட்டுல உக்கார நாற்காலியே இல்லையா" என்று கேட்டாள்.

பொருளாதாரப் புத்தகம் வந்தால்தான் அவள் ஆளே வேறு. அந்த அச்சகம் கல்லூரிகளுக்குப் பொருளாதாரப் புத்தகங்களும் போடும். நாவலுக்கு ஒரு சொட்டுக் கண்ணீர் விடாதவள், வெங்காய விலை ஏன் ஏறுகிறது என்று விளக்குகிற பாடத்தைச் சொல்லும்போது கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நான் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்ததாலோ என்று பார்த்தேன். அன்று பீன்ஸ்தான்.

"நாவல்ல எல்லாரும் அழறாங்க, ஏன்னு புரியல. இதுல யாருமே அழல, ஆனா ஏன் அழணுங்கறது முழுக்க எழுதியிருக்கு" என்றாள். பஞ்சத்தைப் பற்றி ஒரு புத்தகம், உணவு இல்லாமல் அல்ல, இருக்கிற உணவு கைக்கு எட்டாமல்தான் ஜனங்கள் சாகிறார்கள் என்றதாம். அதைச் சொல்லிவிட்டு அன்று தட்டில் வைத்ததை அவள் வெகுநேரம் தொடவில்லை. சிக்கனத்தைப் பற்றி ஒரு தடிப் புத்தகம் வந்தபோது மட்டும் நான் விடவில்லை. "ஆத்துல போட்டாலும் அளந்து போடுன்னு ஒரு வரியில சொல்லிட்டாங்க. அதுக்கு இவ்வளவு பெரிய புத்தகமா" என்றேன். "எந்த ஆறு, யாரோட அளவுன்னு கேக்கறதுக்குத்தான் மிச்சப் புத்தகம்" என்றாள். நான் பேச்சை மாற்றினேன்.

கமாவுக்கு எல்லாம் தலைகீழ். பொருளாதாரத்தில் கொட்டாவி விடுவார், நாவலில் கரைந்துவிடுவார். ஒரு கதையில் கிழட்டு நாய் ஒன்று செத்துப்போகும் இடம் வந்ததாம். "மனுஷன் முற்றுப்புள்ளி சொல்லவே இல்ல. நானே வெச்சுக்கிட்டேன்" என்றாள் அக்கா. சொல்லும்போது குரலில் கேலி இல்லை. எனக்கு மூக்கில் வியர்த்தது. அதற்குப் பிறகு கவனித்தேன். நாவலைப் பற்றி அவள் சொல்வதில் பாதி, கமா அதை எப்படி வாசித்தார் என்பதுதான். எந்த வரியில் குரல் இறங்கியது, எங்கே தண்ணீர் குடித்தார், எங்கே கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"என்னக்கா, இன்னைக்குக் கமா என்ன கலர் சட்டை" என்று ஒருநாள் சீண்டினேன்.

"நாப்பது தாண்டினவகிட்ட என்ன பேச்சு இது, பீன்ஸ் நாரை ஒழுங்கா எடு" என்றாள். ஆனால் சட்டை நீலம் என்று கொஞ்ச நேரம் கழித்துத் தானாகவே சொன்னாள்.

பிறகு வீட்டு வேலையைப் பற்றிய ஒரு பொருளாதாரப் புத்தகம் வந்தது. சமைப்பது, துவைப்பது, பிள்ளை வளர்ப்பது எதுவும் நாட்டின் வருமானக் கணக்கில் வருவதில்லை என்று சொல்கிற புத்தகம். எனக்கு அது பெரிய கண்டுபிடிப்பாகத் தெரியவில்லை. எந்த வீட்டு அடுப்பங்கரையில் கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பார்கள். அக்கா மட்டும் அதில் குப்புற விழுந்துவிட்டாள். வாசிக்கக் கேட்டுக்கொண்டே தன் கதையை நினைத்திருக்கிறாள், ஒரு பத்தி முழுக்க இரண்டு தடவை அச்சானதைக் கோட்டைவிட்டாள். முதலாளி எல்லார் முன்னாலும் திட்டிவிட்டார். அக்கா அன்று வந்து, "இனிமே பொருளாதாரம்னா அர்த்தத்தை வாசலோட நிறுத்திடுவேன். வார்த்தை மட்டும்தான் உள்ள" என்று எனக்குச் சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னாள். சொன்னதைச் செய்கிறவள் அவள். வினையே அதில்தான் வந்தது.

அடுத்து வந்தது ஒரு பேராசிரியை எழுதிய பாடப்புத்தகம். ஒன்றைத் தேர்ந்தெடுத்தால், அதற்காக நாம் கைவிடுகிற இன்னொன்றுதான் அதன் உண்மையான விலை என்று அதில் ஒரு பாடம். இப்போது எனக்கு நன்றாகத் தெரிந்த ஒரே பாடம் இதுதான். இந்தப் பாடத்தை வாசித்துக்கொண்டே வந்த கமா, மூலத்தில் இல்லாத ஒரு வாக்கியத்தை நடுவில் சேர்த்து வாசித்துவிட்டார்.

"எடுத்துக்காட்டாக கமா இந்த மேசைக்கு எதிர்ப்புறம் அமர்ந்திருப்பவர் என்னை மணந்துகொள்ளச் சம்மதித்தால் கமா அதனால் நான் இழப்பது ஒன்றுமில்லை முற்றுப்புள்ளி."

ஏன் பொருளாதாரத்தில் சொன்னீர்கள் என்று பிற்பாடு நான் அவரைக் கேட்டேன். "நாவல்ல சொன்னா நாவலோட போயிடும்மா. பொருளாதாரம்னாதான் அவங்க மனசு கொடுத்துக் கேப்பாங்க" என்றார். எவ்வளவு யோசித்திருக்கிறார் பாருங்கள். அவள் அர்த்தத்தை வாசலோடு நிறுத்திவிட்டது மட்டும் அவருக்குத் தெரியாது.

அக்காவின் காதில் வார்த்தைகள் விழுந்தன. தாளில் அவை இல்லை. விட்டுப்போயிருக்கிறது என்று குறியிட்டாள், வாக்கியம் முழுவதையும் கமா உட்பட ஓரத்தில் முத்துமுத்தாக எழுதினாள், "ம்" என்றாள். தலையைத் தூக்கவில்லை.

இந்த "ம்" சம்மதமா, மறுப்பா? சம்மதமென்றால் முகத்தைப் பார்த்திருக்க வேண்டாமா? மறுப்பென்றால் எதற்காக எழுதிக்கொண்டாள்? பாவம், கமா அடுத்த வரியை வாசித்தார். அப்புறம் அதற்கடுத்த வரியை. பாடம் முடிந்தது. அக்கா தாள்களை அடுக்கி அச்சுக்கோப்பவரிடம் அனுப்பிவிட்டு, தண்ணீர் குடிக்கப் போய்விட்டாள். அந்த முதுகைப் பார்த்து அவர் மறுப்பு என்றே முடிவுகட்டிவிட்டார். சேர்த்த வரியை அவள் எப்படியும் அடித்துவிட்டிருப்பாள் என்றும் நினைத்துக்கொண்டார். போய்ப் பார்க்க அவருக்குத் தைரியம் இல்லை.

சில நாளில் முதலாளியிடம் போய், தொண்டை சரியில்லை, அச்சான புத்தகங்களைக் கட்டுக்கட்டும் பிரிவுக்கு மாற்றுங்கள் என்று கேட்டிருக்கிறார். மாற்றிவிட்டார்கள்.

அன்று மாலை அக்கா பீன்ஸைப் பொடிப்பொடியாக நறுக்கினாள். நறுக்கியதைத் திரும்ப நறுக்கினாள். எந்த நாவலைப் பற்றியும் வாய் திறக்கவில்லை.

"தொண்டை சரியில்லன்னு சொன்னாராம். நேத்து வரைக்கும் நல்லாத்தான் இருந்துது. என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல" என்றாள்.

"போனா போறார். வாசிக்க வேற ஆள் வர மாட்டாங்களா" என்றேன். வேண்டுமென்றேதான் சொன்னேன்.

"வருவாங்க." கத்தியை வைத்தாள். "வேற யாராவது வாசிச்சா எனக்குக் கேக்காது."

அதற்கு மேல் ஒரு மனுஷி என்ன சொல்ல வேண்டும்? எனக்கு அவள்மேல் கோபம் வந்தது. அத்தனை நாவல் கேட்டவளுக்குத் தன் கதையில் என்ன நடக்கிறதென்று தெரியவில்லையே என்று இருந்தது. ஆனால் அந்த முகத்தைப் பார்த்தபின் கோபத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல் டீ போட எழுந்துவிட்டேன்.

புத்தகம் அச்சாகி வந்தது. பேராசிரியை வகுப்பில் அந்தப் பாடத்தை நடத்தினார். ஒரு மாணவி எழுந்து, "எந்த மேசை, மேடம்?" என்று கேட்டாளாம். இன்னொருத்தி, இது பரீட்சைக்கு வருமா என்று கேட்டாளாம். பேராசிரியை புத்தகத்தோடு நேராக அச்சகத்துக்கு வந்துவிட்டார். கடைசிப் பார்வைக்கு அனுப்பியபோது படிக்காமலே சரி என்று கையெழுத்துப் போட்டவர் அவரும்தான், ஆனால் அதைச் சொல்லிக்காட்ட யாருக்கும் துணிவில்லை.

முதலாளி அக்காவைக் கூப்பிட்டார். பழைய திருத்தத் தாளை எடுத்து வைத்திருந்தார், ஓரத்தில் இருப்பது அவள் கையெழுத்து. மூலத்தில் இந்த வாக்கியம் எங்கே என்று கேட்டார்.

"வாசிச்சதைத்தான் சார் எழுதினேன்" என்றாள் அக்கா.

"அப்போ இதை ஒருதரம் படிச்சுப் பாருங்க."

படித்தாள். இந்தத் தடவை அர்த்தத்தோடு படித்தாள். எனக்கு இந்த இடத்தை அவள் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறாள். எழுத்தெல்லாம் தன் கையெழுத்து, குரல் மட்டும் அவருடையது என்று இருந்ததாம். நிமிர்ந்து பார்த்தால், கட்டுக்கட்டும் பிரிவிலிருந்து கமா தானாகவே வந்து வாசலில் நிற்கிறார்.

"நான்தான் சார் சேர்த்து வாசிச்சேன். அவங்க மேல ஒரு தப்பும் இல்ல. என்னை அனுப்பிடுங்க" என்றார்.

பேராசிரியை இரண்டு பேரையும் மாறிமாறிப் பார்த்திருக்கிறார். "என் புத்தகத்துல வேற எந்த வரியையும் பிள்ளைங்க படிச்ச மாதிரி தெரியல. இந்த ஒண்ணை எல்லாரும் படிச்சிருக்காங்க" என்றார். வருத்தமும் சிரிப்பும் கலந்த குரலாம் அது. "யாரையும் அனுப்ப வேண்டாம். விக்காம இருக்கற புத்தகத்துல எல்லாம் அந்த வரி மேல ஒரு வெள்ளைத் தாளை ஒட்டிக் குடுங்க, போதும்."

ஆக, அந்தப் பழைய மேசையில் மறுபடியும் எதிரெதிரே இரண்டு பேர். நடுவில் பசைக் கிண்ணம், பக்கத்தில் புத்தக அடுக்கு. தன் வாயால் சொன்னதைத் தன் கையாலேயே வெள்ளைத் தாள் ஒட்டி மூட வேண்டும் கமா. அவர் பக்கத்தைப் பிரித்துக் கொடுப்பார், அக்கா ஒட்டுவாள். அந்தப் பக்கம் இயந்திரத்துக்காரர்கள் கண்ணாடியில் மூக்கை வைத்து நின்றிருக்கிறார்கள். முதலாளி வந்து விரட்டிவிட்டுத் தானும் அங்கேயே நின்றாராம்.

ஒரு புத்தகத்தில் தாளை ஒட்டப்போன அக்கா நிறுத்தினாள்.

"இதை மறுபடி வாசிங்க. அன்னைக்கு நான் கேக்கல."

அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, "எடுத்துக்காட்டாக கமா" என்று ஆரம்பித்தார்.

"கமா இல்லாம."

மனுஷனுக்குக் கமா இல்லாமல் வரவில்லை. மூன்று வார்த்தைக்கு ஒருமுறை வாய் தானாக அதற்குப் போகிறது, விழுங்குகிறார், தொடர்கிறார். எப்படியோ சொல்லி முடித்தார். அக்கா கேட்டாள். பிறகு பேனாவை எடுத்தாள்.

"இந்த வாக்கியம் தப்பு" என்றாள்.

கமாவின் முகம் செத்துவிட்டது.

"இழப்பது ஒன்றுமில்லைன்னு சொல்றீங்க. அதுக்கு மேல இருக்கற வரியைப் படிச்சீங்களா? விட்டுக்கொடுக்கறதுதான் விலைங்கறாங்க. ஒண்ணுமே இழக்கலன்னா நான் ஒண்ணுமே இல்லைன்னு அர்த்தம். யோசிச்சு சொல்லுங்க. என்ன இழப்பீங்க?"

அவர் யோசித்தார். சைக்கிள் கடைக்கு மேலே தன் அறை இருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் யாரும் பேசாத அமைதி இருக்கும், அது போகும் என்றார். படித்த நாவலை யாருக்கும் பதில் சொல்லாமல் தான் மட்டும் நினைத்துக்கொண்டு அழுகிற வசதி போகும் என்றார். பிறகு, "நீங்க?" என்று கேட்டார்.

"நான் வீட்டுல கேட்டுட்டு வந்து சொல்றேன்" என்றாள் அக்கா.

வீடு என்றால் நான்தான். அன்று மாலை பீன்ஸ் கூடையை நடுவில் வைத்துக்கொண்டு இத்தனையையும் ஒன்றுவிடாமல் சொன்னாள். நான் கத்தியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டேன். முடித்ததும், "நீங்க என்ன இழப்பீங்கன்னு கேட்டாரே, அதுக்கு என்ன சொல்லப் போறீங்க" என்றேன். தம்பியைச் சொல்வாள் என்று நினைத்தேன், தூக்கி வளர்த்தவள் ஆயிற்றே.

"இந்த நேரத்தை" என்றாள். "நீ எதிர்ல உக்காந்து, படிக்காத புத்தகத்துக்கெல்லாம் என்கூட சண்டை போடற இந்த நேரத்தை. யோசிச்சு யோசிச்சுப் பாத்துட்டேன். வேற எதுவும் பெருசா தெரியல. இது மட்டும்தான் குடுக்க முடியாம நிக்குது. நீ போன்னு சொன்னா போறேன். வேணாம்னா இருந்துடறேன், எனக்கு வருத்தம் இல்ல."

வருத்தம் இல்லையாம். நாவலில் யாராவது இப்படிச் சொல்லியிருந்தால் அவளே நம்பியிருக்க மாட்டாள்.

அம்மா வீட்டில்கூட யாரும் என்னை இப்படி ஒரு தட்டில் வைத்து, இன்னொரு தட்டில் தன் வாழ்க்கையை வைத்துப் பார்த்ததில்லை. வேண்டாம், இருங்கள் என்று சொல்ல நாக்கு நுனி வரை வந்தது. அவளுக்கு அது தெரியும். தெரிந்துதான் காத்திருந்தாள், ஒரு பீன்ஸின் நாரை மெல்ல உரித்துக்கொண்டு.

"போங்கக்கா" என்றேன். "வேற ஆள் வாசிச்சா உங்களுக்குக் கேக்காதுன்னு நீங்கதானே சொன்னீங்க."

அவளும் அழுதாள், நானும் அழுதேன். வேலை முடிந்து உள்ளே வந்த என் கணவர், வெங்காயமா என்று கேட்டார். விஷயத்தைச் சொன்னதும் அவருக்கு ஒரே சந்தோஷம். அக்கா இழப்பேன் என்று சொன்னதில் தன் பேர் வரவில்லை என்று தெரிந்ததும் முகம் தொங்கிவிட்டது. இன்றைக்கும் அதைச் சொன்னால் எழுந்து வெளியே போய்விடுவார்.

கையெழுத்துப் போட்டுக் கல்யாணம். பேராசிரியை வந்திருந்தார். அக்காவும் கமாவும் இரண்டு பஸ் நிறுத்தம் தள்ளி ஒரு வீடு பார்த்துக்கொண்டார்கள். ஞாயிற்றுக்கிழமை வருவார்கள். கமா டீயைக் குடித்துவிட்டு நன்றாயிருக்கிறது என்பார், கமா எதுவும் போடாமல். அக்கா அந்த வாரத்து நாவல்களை எல்லாம் சேர்த்துக் கொண்டுவந்து கொட்டுவாள். ஆனால் வாரம் முழுவதுக்கும் ஒரு மாலை போதாது. பாதி நாவல்களின் முடிவுகள் எனக்குச் சொல்லாமலே போய்விடுகின்றன.

தாள் ஒட்டாமல் விட்ட ஒரு பிரதியை அக்கா எனக்குக் கொடுத்திருக்கிறாள். அந்த ஒரு பக்கத்தை மட்டும் அடிக்கடி எடுத்துப் படிப்பேன். ஓரத்தில் பேனாவால் "ஒன்றுமில்லை" என்பதை அடித்துவிட்டு, "கொஞ்சம் உண்டு" என்று அவள் எழுதியிருக்கிறாள். அது அவருக்காகச் செய்த திருத்தம். என் கணக்கு எனக்குத் தெரியும். நறுக்க வேண்டிய காயைத் தனியாக உட்கார்ந்து நறுக்கும்போது, அந்தக் கல்யாணத்துக்கு நானும் விலை கொடுத்திருக்கிறேன் என்று நினைத்துக்கொள்வேன், கொடுத்ததில் எனக்குச் சந்தோஷம்தான்.